கண்வலியா, நிலாவாரையா, நித்தியகல்யாணியா, கூர்க்கனா? மூலிகை போடும் முன் ஒரு கணக்கு

போன வாரம் ஒருத்தர் போனில் கூப்பிட்டார். இரண்டரை ஏக்கர், கிணற்றில் ஒரு மணி நேரத் தண்ணீர். மூன்று வருடமாக மக்காச்சோளம் போட்டு, படைப்புழு தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு வந்ததாம். "ஏனுங்க, கண்வலிக்கிழங்கு போட்டா ஏக்கருக்கு நாலஞ்சு லட்சம்னு வீடியோவுல சொல்றாங்க, போடட்டுங்களா?" என்றார். அதற்கு முந்தின வாரம் கேட்டவர் நிலாவாரைக்கும் கண்வலிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். இன்னொருவர் கையில் கூர்க்கன் ஒப்பந்தத் தாளே இருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன். எங்கள் காடு தாராபுரம் பக்கம். கண்வலி பதினொரு வருடமாக இருக்கிறது. கூர்க்கன் இரண்டு போகம் போட்டுப் பார்த்துக் கைவிட்டேன். மற்ற இரண்டும் விளாத்திகுளம் பக்கத்தில் என் சகலையின் கரிசலில் வருடா வருடம் போய்ப் பார்த்துப் பழகியவை, கைக்காசு போட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## எதை எதை வைத்துப் பார்ப்பது

லாபம் எவ்வளவு என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் கேட்பது, விற்கவில்லை என்றால் அதை என்ன செய்வீர்கள் என்று. சோளம் விற்கவில்லையா, மாட்டுக்குப் போடலாம். தக்காளி விலை போனால் நாலு பேருக்குக் கொடுத்துப் புண்ணியமாவது தேடலாம். இந்த நான்கையும் மாடுகூடத் தொடாது. வாங்குகிறவன் ஒருவன் வந்தால்தான் அது சரக்கு, வராவிட்டால் குப்பை.

அடுத்தது, ஒரு மாத்திரைக்கு எவ்வளவு செடி வேண்டும் என்ற கணக்கு. இதை யாருமே கேட்பதில்லை, ஆனால் விலை ஏன் ஆடுகிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது. ஒரு ஏக்கர் விளைச்சலிலேயே லட்சக்கணக்கில் மாத்திரை வருகிற மருந்தென்றால் உலகத்துக்கே கொஞ்ச ஏக்கர் போதும். பத்து ஊர் சேர்ந்து கூடுதலாகப் போட்டால் விலை படுத்துவிடும்.

மூன்றாவது, நடும் நாளில் கையிலிருந்து போகும் பணம். நான்காவது, ஆள் கூலி. ஐந்தாவது, விலை இல்லாத வருடம் சரக்கை வீட்டில் வைத்துக் காத்திருக்க முடியுமா என்பது. சரக்கு கெடாமல் இருக்க வேண்டும், நமக்கும் அதுவரை சாப்பாட்டுக்கு வழி இருக்க வேண்டும்.

| | கண்வலி | நிலாவாரை | நித்தியகல்யாணி | கூர்க்கன் |
|---|---|---|---|---|
| எடுக்கும் மருந்து | கொல்கிசின் | சென்னோசைடு | வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின், அஜ்மாலிசின் | ஃபோர்ஸ்கோலின் |
| விற்கும் பாகம் | விதை (தோலும்) | இலை, காய் | இலை, வேர் | கிழங்கு |
| காலம் | 160–180 நாள் | 130–150 நாள் | ஏறக்குறைய ஒரு வருடம் | 5–6 மாதம் |
| நடவுச் செலவு | மிக அதிகம் | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் |
| ஆள் வேலை | பூக்கும் காலத்தில் தினமும் | இலை பறிப்பு, காய வைப்பு | வேர் எடுப்பு | நடவு, களை, கிழங்கு எடுப்பு |
| விலை ஆட்டம் | பயங்கரம் | மெதுவாக | மெதுவாக, ஆனால் வாங்குவோர் குறைவு | ஒப்பந்தக்காரர் கையில் |
| காத்திருக்க முடியுமா | முடியும் | ஓரளவு | காய்ந்த வேர் முடியும் | பச்சையாக முடியாது |

## கண்வலிக்கிழங்கு

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு எல்லாம் இதுதான். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகக் கவைத்து வளைந்திருப்பதால் அந்தப் பெயர். மாநிலப் பூ என்பதால் மரியாதை உண்டு, விலைக்கு அந்த மரியாதை உதவாது. மூலனூர், ஒட்டன்சத்திரம், கரூர் பக்கம், ஜெயங்கொண்டம், வேதாரண்யம் என்று பரவலாகப் போடுகிறார்கள்.

நடவுச் செலவிலிருந்து வருகிறேன், ஏனென்றால் வீடியோவில் இந்த இடத்தைத்தான் ஓட்டிவிடுவார்கள். 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்குப் பதினைந்தாயிரம் கிழங்கு. ஒன்று 50 கிராம் என்றால்கூட 750 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2.25 லட்சம் மண்ணுக்குள் போய்விட்டது, இன்னும் கொடி ஏறப் பந்தல் போடவில்லை. எங்கள் அப்பா காலத்தில் முள்கிளுவைக் குச்சியை வரிசையாக ஊன்றிவிடுவார்கள், அதுவே வேலியாகத் துளிர்த்துக் கொடியைத் தாங்கும். இப்போது கல்கால், கம்பி. ஒரு நல்லது, கிழங்கு மண்ணிலேயே இருந்து கோடையில் உறங்கி மழைக்கு மறுபடி முளைக்கும், அதனால் இந்தச் செலவை ஐந்தாறு வருடத்துக்குப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடன் வாங்கி நட்டவனுக்கு வட்டி அப்படிப் பிரிந்து வராது.

அப்புறம் பூ. கண்வலிப் பூவைக் கிட்டத்தில் பார்த்தால் இதன் வில்லங்கம் புரியும். இதழ் ஆறும் மேலே மடங்கிக்கொள்ளும், மகரந்தக் கால்கள் நாலாபக்கமும் விரிந்து நிற்கும், சூல்தண்டு மட்டும் அடியிலேயே முட்டிபோல மடங்கிப் பூவை விட்டு வெளியே, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தனக்கே எட்டாது. பூச்சியை நம்பி விட்டால் பாதிப் பூ காயாகாது, அதனால் நாம்தான் தொட்டு வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடிக்க வேண்டும். எங்கள் காட்டுக்கு வரும் அக்கா ஒருவர் மகரந்தப் பையைக் கிள்ளி விரல் நுனியில் வைத்துக்கொண்டே பத்துப் பதினைந்து பூவுக்கு வரிசையாகத் தொட்டுக்கொண்டு போவார், திரும்பிப் பார்த்தால் விரல் முழுக்க மஞ்சள். பூத்துத் தீரும்வரை தினமும் இந்த வேலை. நூறு நாள் வேலையும் பனியன் கம்பெனி வேனும் ஆளை எடுத்துக்கொண்டு போன ஊரில் இதை வீட்டு ஆள்தான் செய்ய வேண்டியிருக்கும்.

பூக்கும் நேரத்தில்தான் ஐப்பசி மழையும் வரும். நாலு நாள் விடாமல் தூறினால் இலை கருகி, பூ கொட்டி, வருடக் கணக்கே முடிந்துபோகும். நல்ல வருடம் எங்களுக்கு ஏக்கருக்கு 140 கிலோ விதை வந்திருக்கிறது. மழை அடித்த வருடம் 45.

இப்போது மாத்திரைக் கணக்கு. கொல்கிசின் என்பது யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கும் கவுட் நோய்க்கான பழைய மருந்து. இடுப்புப் பிடிப்புக்குத் தரும் தயோகொல்கிகோசைடும் இந்தச் செடி வழியாகத்தான் வருகிறது. 2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மாரடைப்பைத் தடுப்பதற்கும் 0.5 மில்லிகிராம் கொல்கிசினை அனுமதித்தது. அந்தச் செய்தியைச் சொல்லியே கிழங்கு விற்கிறவர்கள் உண்டு. சரி, கணக்குப் போடுவோம். விதையிலிருந்து அரை சதவீதம் மருந்து எடுக்க முடிகிறது என்று வைத்தால், 140 கிலோ விதையில் 700 கிராம் கொல்கிசின். ஒரு மாத்திரைக்கு அரை மில்லிகிராம். ஒரு ஏக்கரில் பதினான்கு லட்சம் மாத்திரை! புதிதாக எத்தனை லட்சம் பேர் இந்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தாலும் அதற்கு வேண்டிய நிலம் சில ஆயிரம் ஏக்கரைத் தாண்டுமா என்று யோசியுங்கள். அதனால்தான் ஒரு வருடம் கிலோ மூவாயிரத்துக்கு விற்ற எனக்கு இன்னொரு வருடம் அதில் பாதிக்குக்கூட ஆள் வரவில்லை. விதையை நன்றாகக் காய வைத்துச் சாக்கில் கட்டி பதினாறு மாதம் வீட்டில் வைத்திருந்துதான் விற்றேன். அந்தப் பதினாறு மாதமும் பால் காசு இருந்ததால் தப்பித்தோம்.

மறைந்திருக்கிற செலவு இன்னொன்று, விஷம். கிழங்கு, விதை, இலை எல்லாமே. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தில் சிக்கியவர்கள் இலங்கையிலும் உண்டு, இங்கேயும் உண்டு. எளிதில் கிடைக்கும் முறிமருந்து கிடையாது, வாந்தியும் பேதியும் தொடங்கவே சில மணி நேரம் ஆகும், அதற்குள் உள்ளே போகவேண்டியது போய்விடும். தனி அறை, பூட்டு, கையுறை, எல்லாமே இதில் சேர்த்தி. வீட்டில் சின்னக் குழந்தைகளோ மனம் சரியில்லாத ஆளோ இருந்தால் நான் இந்தப் பயிரை வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன், லாபம் எவ்வளவு வந்தாலும்.

## நிலாவாரை

திருநெல்வேலிச் சீமைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த செடி. ஆங்கிலேய மருந்து நூல்களில் "டின்னவெலி சென்னா" என்று ஊர்ப் பெயரோடு ஏறி உட்கார்ந்திருக்கிறது, எகிப்து வழியாகப் போன ரகத்துக்கு அலெக்சாந்திரியா என்று பெயர். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பல காலமாக இலை போகிறது. தென் மாவட்டங்களில் சில வியாபாரிகள் இதையே அவுரி என்பார்கள், நீலச் சாயம் தரும் அவுரி வேறு. விதை வாங்கும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

மலச்சிக்கல் மாத்திரையில் இருக்கும் சென்னோசைடு இதன் இலையிலும் காயிலும் உள்ளது. அது வயிற்றில் வேலை செய்யாது, பெருங்குடல் வரைக்கும் அப்படியே போய், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் குடலை அசைக்கும், அதனால்தான் ராத்திரி போட்டால் காலையில் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மாத்திரை தவிர, இலையாகவே தேநீர்ப் பைகளில் அடைத்தும் வெளிநாட்டில் விற்கிறார்கள். மலச்சிக்கல் இல்லாத ஊர் ஏது? கவுட் மாதிரி சிலருக்கு மட்டும் வருவதில்லை என்பதால் டன் கணக்கில் ஓடும். விலை கிலோவுக்கு நூறுகளில் போகாது, பத்துகளில்தான் பேச்சு. அதே சமயம் ஒரே வருடத்தில் பாதியாகிக் கவிழ்ந்ததாக என் சகலை சொல்லிக் கேட்டதில்லை.

செலவு என்று பார்த்தால் ஏக்கருக்கு ஏழெட்டு கிலோ விதை, ஒரு உழவு, ஒன்றிரண்டு களை. புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைத்துவிட்டால் கரிசல் ஈரத்திலேயே வந்துவிடும். தண்ணீர் தேங்கினால் மட்டும் செத்துப்போகும். இரண்டாம் மாதம் முதல் பறிப்பு, பிறகு மாதம் ஒன்று என்று மூன்று பறிப்பு. மானாவாரியில் ஏக்கருக்கு முந்நூறு, நானூறு கிலோ உலர் இலை வந்தால் சந்தோஷப்படலாம். இதில் லட்சாதிபதி ஆக முடியாது, நடுத்தெருவுக்கும் வர மாட்டோம்.

தவறு நடக்கும் இடம் களம். இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் நிறுத்த வேண்டும். சகலை வீட்டில் ஒரு தடவை தார்ப்பாயின் ஓரம் விலகி இரவுப் பனி இறங்கிவிட்டது. காலையில் ஓரத்து இலை மட்டும் கறுத்துச் சுருண்டிருந்தது, நல்லதோடு கலந்தும் விட்டார்கள். வந்த வியாபாரி சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார், விரித்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கைபேசியில் கணக்குத் தட்டிக் காட்டினார். மொத்தச் சரக்குக்கும் அந்தக் கறுப்பு இலையின் விலைதான்.

ஏற்றுமதிச் சரக்கு என்பதால் பூச்சிமருந்து மிச்சம் பார்ப்பார்கள், பக்கத்து மிளகாய்க் காட்டில் அடித்தது காற்றில் வந்தாலும் உங்கள் கணக்கில்தான் சேரும். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம், உணவுப் பொருள்களில் நிலாவாரை போன்றவற்றைச் சேர்ப்பதைக் கண்காணிப்பில் வைத்தது, மருந்தாக விற்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த மாதிரி ஒரு வரி எங்கேயோ மாறினால் விளாத்திகுளத்தில் விலை அசையும், அது தெரிந்திருக்கட்டும்.

## நித்தியகல்யாணி

சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்பட்ட செடி புற்றுநோய்க்கு மருந்தான கதை எல்லோருக்கும் பிடிக்கும். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலைக் கஷாயம் குடிக்கிறார்களே என்று 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் சோதிக்கப் போக, சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வந்ததுதான் ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் தரும் மருந்துகள். (நம் ஊரில் இன்னும் காலையில் ஐந்து பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பெரியவர்களுக்கு இந்த வெள்ளை அணு விஷயத்தை யாராவது சொன்னால் தேவலை.)

மாத்திரைக் கணக்கு இங்கே தலைகீழ். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர் இலை வேண்டும். அப்படியென்றால் இலைக்குத் தங்க விலை கொடுப்பார்கள் என்று தோன்றும், கொடுப்பதில்லை. பணம் முழுக்கப் பிரித்தெடுக்கும் வேலையில் போகிறது, இலை வெறும் இலைதான். நம் பக்கம் வேருக்குத்தான் கொஞ்சம் மதிப்பு, ரத்த ஓட்டத்துக்குத் தரும் அஜ்மாலிசின் அதில் இருக்கிறது.

செலவு கம்மி, வறட்சி தாங்கும், ஆடு கடிக்காது, வேலி வேண்டாம். ஆனால் நிலத்தை ஒரு வருடம் பிடித்துக்கொள்ளும், கடைசியில் தண்டை வெட்டி, தண்ணீர் விட்டு, உழுது, வேரைப் பொறுக்கி, மண் உதறிக் கழுவிக் காய வைக்கும் கூலி லாபத்தில் கை வைக்கும். வாங்குகிறவர்களும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2022-இல் ஈஸ்ட் நுண்ணுயிரை வைத்தே இந்த மருந்துகளின் மூலப்பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிவிட்டார்கள். நாளைக்கே சந்தைக்கு வந்துவிடாது, ஆனால் பத்து வருடத் திட்டம் போடுகிறவர் யோசிக்க வேண்டும். வேறு எதுவும் வராத செம்மண் மேடு சும்மா கிடக்கிறதென்றால் போடுங்கள். நல்ல நிலத்தை இதற்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

## மருந்துக் கூர்க்கன்

இதன் இன்னொரு பெயர் கோலியஸ், அப்படிச் சொன்னால் சேலம், ஆத்தூர் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கிழங்கில் இருக்கும் ஃபோர்ஸ்கோலின் 1970-களில் இந்திய ஆய்வுக்கூடங்களில் பிரித்தெடுக்கப்பட்டது. இதய மருந்தாகும் என்றார்கள், இன்றைக்குப் பெரும்பாலும் உடல் இளைக்கும் மாத்திரையாக வெளிநாட்டில் விற்கிறது. அதாவது இதன் விலை நோயாளியின் கையில் இல்லை, நாகரிகத்தின் கையில் இருக்கிறது. 2014-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதைப் புகழ்ந்ததும் தேவை ஏறியது. அடுத்த வருடம் வேறு ஒரு பழத்தைப் புகழ்வார்கள்.

இதன் வசதி ஒப்பந்தம்தான். நாற்றுத் தண்டு தருவார்கள், விலை முன்கூட்டியே பேசிவிடலாம், சந்தை தேடி அலைய வேண்டாம். என் முதல் போகம் அப்படித்தான் ஒழுங்காகப் போனது. இரண்டாவது போகத்தில் கிழங்கை எடுத்துக் களத்தில் கொட்டிவிட்டுச் சொல்லி அனுப்பினேன், லாரி பதினொரு நாள் வரவில்லை. பச்சைக் கிழங்கு எட்டு கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். எனக்கோ பச்சை எடைக்கு விலை. ஒவ்வொரு நாள் வெயிலும் என் பணத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் "அறுவடைக்குப் பின் கொள்முதல் செய்யப்படும்" என்று இருந்தது, எத்தனை நாளைக்குள் என்று இல்லை. கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படித்தேன், உறைக்கவில்லை.

இன்னொரு மறைமுகச் செலவு நூற்புழு. வேர்முடிச்சு நூற்புழு கூர்க்கன் என்றால் விருந்து மாதிரி வரும், கூடவே வேரழுகல். செடி தண்ணீர் இருக்கும்போதே வாடி நிற்கும். அதைவிட மோசம், கூர்க்கன் போன பிறகும் நூற்புழு போகாது, அடுத்து வைக்கும் தக்காளிக்கும் கத்தரிக்கும் அதுவே வரும். நான் கைவிட்டதற்கு லாரியைவிட இதுதான் காரணம்.

## யாருக்கு எது

மானாவாரிக் கரிசல், கையில் பணம் இல்லை, தென் மாவட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நிலாவாரை. கொங்குப் பக்கத்துச் செம்மண், வடிகால் நன்றாக இருக்கிறது, வீட்டில் மூன்று பேர் காலையில் பூத் தொட வருவார்கள், மாடோ தென்னையோ வைத்து வேறு வருமானம் ஓடுகிறது, ஒரு வருடம் விதையைப் பூட்டி வைக்கத் தாங்கும் என்றால் கண்வலி. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் பத்து சென்ட்டில் ஆரம்பியுங்கள், கிழங்கு உங்கள் காட்டிலேயே பெருகட்டும், 2.25 லட்சம் மிச்சம். கூர்க்கனுக்குக் கிட்டத்தில் ஆலையோ கொள்முதல் நிலையமோ இருக்க வேண்டும், தாளில் நாள் கணக்கு எழுதியிருக்க வேண்டும், அந்த நிலத்தில் அடுத்து காய்கறி வைக்கும் எண்ணம் இருக்கக் கூடாது. நித்தியகல்யாணி பற்றி மேலே சொன்னதுதான்.

எதுவானாலும் நடுவதற்கு முன்பே இரண்டு வியாபாரிகளைப் பார்த்து, போன வருடம் என்ன விலைக்கு எடுத்தீர்கள், ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள், மருந்துச் சத்துச் சோதனை யார் செலவு என்று கேளுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் மூலிகைப் பயிர்களுக்கென்றே துறை இருக்கிறது, ரகமும் சாகுபடி முறையும் அங்கே கேட்கலாம். விலையை அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

போனில் கேட்டவர் கண்வலிதான் என்று முடிவாக இருக்கிறார், அரை ஏக்கர் மட்டும். சரி என்றேன். கிழங்கு வாங்கப் போகும்போது மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். மேலடுக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கொழுந்து நுனி முறிந்த கிழங்கு முளைக்காது, மூட்டையை வீசி இறக்கினாலே அந்த நுனி முறியும். அவற்றைக் கழித்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள் என்றேன். ஒத்துக்கொள்ளாத வியாபாரியிடம் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள், பஸ் செலவோடு போகட்டும்.